ஒட்டாத இலை

உண்மையைச் சொன்னால் எனக்குப் பூக்கள் மேல் பெரிய பிரியம் கிடையாது. பெயர்கள்தான் பிடிக்கும். ஒரு செடிக்குச் சரியான பெயரைச் சொல்லி முடித்ததும் வருகிற நிம்மதி, வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கினால் வருகிற நிம்மதி மாதிரி. அருங்காட்சியகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், கானெமித்சு-சான். பார்லி டீயைக் குடியுங்கள். கேட்க வந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்வதை முழுதாகச் சொல்வது என் பழக்கம். ஹிகியோமோகி நம் நாட்டுச் செடி. சீமை ஹிகியோமோகி கப்பலேறி வந்தது. இரண்டும் மஞ்சளாகப் பூக்கும். இரண்டும் பாதி ஒட்டுண்ணி. பச்சை இலை வைத்துத் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொண்டாலும், தண்ணீருக்குப் பக்கத்துப் புல்லின் வேரில் வாய் வைக்கும். அந்த வேரிலிருந்து பிரித்துவிட்டால் மறுபடி நட்டுப் பிழைக்க வைக்க முடியாது. சீமைச் செடியைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நம்முடையது ஒட்டாது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு மாகாணத்தின் அருஞ்செடிப் பட்டியலுக்கு இந்தக் கடற்கரைப் பகுதியை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஹிகியோமோகி இங்கே அற்றுப்போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாச் சரிவுகளிலும் ஏறித் தேடியதாகவும் எழுதினேன். அந்தக் கோடையில் எனக்கு முழங்கால் வலி. பாதிச் சரிவுகளைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். இருந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

அதைச் சொல்ல வந்தவர் இசொகாய் தோகியே-சான். கணவர் இறந்த பிறகு எங்கள் தாவரச் சங்கத்தில் சேர்ந்தவர். பெயர்களைக் குழப்பிக்கொள்வார், செடிகளைக் குழப்பிக்கொள்ள மாட்டார். வயலுக்கு மேலே இருந்த சரிவில் கணவர் வருஷா வருஷம் புல் அறுத்துவந்தார். அவருக்குப் பிறகு இவரே அரிவாளை எடுத்துக்கொண்டார். அங்கேதான் என்னை அழைத்துப்போனார். அது போன ஆண்டு ஜூன் மாதம், செடிகள் இன்னும் மொட்டுக்கூட வைக்கவில்லை.

"தப்பாச் சொன்னா திட்டுங்க, சென்செய். இது நம்ம செடிதானே? மூணு வருஷமாப் பொத்திப் பொத்திக் காப்பாத்திட்டு வர்றேன். விதையெடுத்துச் சரிவு முழுக்கத் தூவியிருக்கேன். அவர் போனப்புறம் காலையில எழுந்திருக்கறதுக்கு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

நான் குனிந்து ஓர் இலையைத் தொட்டேன். ஆழமாக வெட்டுப்பட்ட இலை. விரலில் எதுவும் ஒட்டவில்லை. எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை.

"சீமைச் செடிங்க, இசொகாய்-சான்," என்றேன். "நிழல்ல வளர்ந்தா இலை இப்படித்தான் கிழிஞ்ச மாதிரி ஆகும்."

"அப்போ இத்தனை நாளா நான் அதையா பரப்பிட்டிருந்தேன்?"

"தெரியாமப் பண்ணதுதானே. சங்கத்துல சொல்லி எல்லாருமாச் சேர்ந்து பிடுங்கிடலாம்."

சீமைச் செடி பிடுங்கும் ஞாயிறு எங்கள் சங்கத்தில் ஆண்டுதோறும் நடப்பது. ஆசானான சென்செய் பெயர் சொல்லிவிட்டால் பிறகு யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அது அவரை அவமதிப்பதாகும். இருந்தாலும் நான் கவனமாக இருந்தேன். உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது, கையுறையை யாரும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். உண்ணி அந்தச் சரிவில் நிஜமாகவே உண்டு.

வேலை வேகமாக நடந்தது. மீன்கடை நெமோதோ பிடுங்கிய செடிக்கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "என்ன இசொகாய்-சான், திருடனுக்குப் பாய் விரிச்சுப் படுக்க வெச்சிருக்கீங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இசொகாய்-சானும் சிரித்தார். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் போய் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு அதிகமாகப் பிடுங்கியவரும் அவர்தான்.

சோற்றுருண்டைகளைப் பங்கிடுவதற்காகக் கையுறையைக் கழற்றினார். அப்போது பையிலிருந்து ஒரு செடியை எடுத்து இலையைக் கசக்கிப் பார்த்தார். நேரே என்னிடம் வந்தார். மற்றவர் காதில் விழாதபடி மெதுவாகத்தான் கேட்டார்.

"சென்செய், ஒட்டலையே."

சரிவின் மேல்புறத்தில் இன்னும் பாதிச் செடிகள் நின்றிருந்தன. அவரிடமிருந்து இலையை வாங்கி, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, மெல்லப் பிரித்துக் காட்டினேன்.

"எனக்கு நல்லா ஒட்டுதே. வயசானா விரல்ல உணர்ச்சி மரத்துப்போகும். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அக்கறையோடுதான் சொன்னேன். அவர் தன் விரல்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க, சென்செய்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறி மிச்சத்தையும் பிடுங்கினார். மறுநாள் தேயிலை டப்பாவில் சேர்த்துவைத்திருந்த விதைகளையும் என்னிடம் கொண்டுவந்தார். இதோ, இந்தத் தோட்டத்தில்தான் எரித்தோம்.

டாக்டர் விரல்களில் கோளாறு இல்லை என்றாராம். அப்படியானால் கோளாறு தலையில்தான் என்று அவரே முடிவுசெய்துகொண்டார். கார் ஓட்டுவதை நிறுத்தினார். அடுப்பை அணைத்தோமா என்று நம்பிக்கை வராமல் சமைப்பதை நிறுத்தினார். இலையுதிர் காலத்தில் மகள் வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். அங்கே யார் என்ன கேட்டாலும், "எனக்குத் தெரியலீங்க, நீங்களே சொல்லுங்க," என்பாராம். பிப்ரவரியில் இறந்துபோனார். நான் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மகள் என் முன்னால் குனிந்தாள்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு மொதல்ல கண்டுபிடிச்சதே நீங்கதான், சென்செய். ரொம்ப நன்றி."

நானும் குனிந்து அந்த நன்றியை ஏற்றுக்கொண்டேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்வது?

மண்ணில் பழைய விதைகள் கொஞ்சம் தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த ஜூனில் தனியாகப் போனேன். முழங்கால் வலியோடு சரிவு முழுக்க ஏறி இறங்கித் தேடினேன். சில முளைத்திருந்தன. இப்போது இல்லை. நீங்கள் ஆட்களோடு போய்த் தேடலாம், நேரம்தான் வீண்.

வீட்டைக் காலிசெய்யும்போது மகளுக்குக் கிடைத்து, உங்களிடம் கொண்டுவந்து கொடுத்து, நீங்கள் இப்போது என் முன்னால் வைத்திருக்கிற இந்த உலர்ந்த செடி, நாங்கள் பிடுங்கியதற்கு முந்தைய கோடையில் அம்மா பூவோடு எடுத்துச் செய்தித்தாளில் அழுத்திவைத்ததாக இருக்கும். அது ஹிகியோமோகியேதான். பூதக்கண்ணாடி வேண்டாம், இங்கிருந்தே தெரிகிறது. பட்டியலில் நான் எழுதியதும் இன்றைய தேதிக்குச் சரியாகிவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாளில் சீட்டு ஒட்டும்போது, சேகரித்தவர் என்ற இடத்தில் இசொகாய்-சான் பெயரைப் போடுங்கள், அது நியாயம். இனம் கண்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அந்தச் செடியைப் பார்த்த கணத்திலேயே சரியாக அடையாளம் கண்டவன் நான்.