பெருமாநல்லூர் பேக்கரியில் பிடிபட்ட நபர் குறித்து பிரபாகர் சொன்னது

என் பெயர் பிரபாகர். தகப்பனார் பெயர் வெள்ளியங்கிரி. வயது 44. கோவை மாவட்டம், திருப்பூர், நல்லூரில் என் மனைவி விஜயகுமாரி, மகள் பிரியங்கா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். நான் ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து 2000-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். கடைசி சில வருடங்கள் டெல்லியில் ராணுவத் தலைமையகத்தில் தளவாடப் பிரிவில் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு பெருமாநல்லூரில் சாமியப்பன் என்பவருக்குச் சொந்தமான பனியன் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன்.

இந்த 2002-ஆம் வருடம் ஜூன் மாதம் சுதர்சன் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருவர், சென்னையிலிருந்து வருவதாகவும் ராணுவத்துக்குப் பனியன் சப்ளை செய்யும் ஆர்டர் பிடித்துத் தருவதாகவும் சொல்லி எங்கள் முதலாளியைப் பார்க்க வந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பிரபாகரு, இவரு கேக்கற வெவரத்தைச் சொல்லி உடுங்க" என்றார். நானும் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னேன். தலைமையகத்தில் ஒரு பிரிவு எந்தப் படை எங்கே நிற்பது என்று முடிவு செய்யும், ஒரு பிரிவு ஆள் சேர்ப்பு, லீவு, தண்டனை பார்க்கும், ஒரு பிரிவு சாப்பாடு, ரயில், குடியிருப்பு பார்க்கும், நான் இருந்த பிரிவு துப்பாக்கி முதல் பனியன் வரை சாமான் அனுப்பும் என்று சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். சமீபத்தில் மூன்று படைக்கும் பொதுவாக ஒரு அமைப்பு ஏற்படுத்தியிருக்கிறார்களே, அதில் தெரிந்தவர் உண்டா என்றும் கேட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது, எனக்குத் தெரியாது என்றேன்.

அதன் பிறகு ஒரு நாள் மதியம் கம்பெனிக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரிக்கு என்னை டீ சாப்பிட அழைத்துப்போய், குளிருக்குப் போடும் உள்பனியன் லடாக் பக்கம் எவ்வளவு போகிறது, ராஜஸ்தான் பக்கம் சாதாரண பனியன் எவ்வளவு போகிறது, இந்த வருடம் கூடியிருக்கிறதா என்று கேட்டார். "ஆர்டர் வாங்கறதுக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. படை எங்கே நிற்பது என்று முடிவு செய்கிற பிரிவு யாரிடமும் வாய் திறக்காது. ஆனால் எங்கே எத்தனை பனியன் போகிறது என்று தெரிந்தால் எங்கே எத்தனை ஆள் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். பாகிஸ்தான் பார்டரில் படையைக் குவித்து வைத்திருக்கிற சமயம் இது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர், "எனக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க. டேனியல் இன்னும் அங்கதானே இருக்காரு, போன் போட்டுக் கேளுங்க" என்றார். டேனியல் என்னோடு அதே பிரிவில் வேலை பார்த்தவர், இப்போதும் அங்கே இருக்கிறார். அவர் பெயரை நான் இந்த ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னால் முடியாது என்று எழுந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டேப் ரிக்கார்டரை எடுத்து ஓடவிட்டார். கம்பெனியில் நான் தலைமையகத்தைப் பற்றிச் சொன்னது என் குரலில் கேட்டது. "இந்த நேரத்துல இதைக் கேட்டா உங்களை யாருன்னு நெனைப்பாங்க?" என்றார். நான் கம்பெனிக்குத் திரும்பினேன். அன்று நூல் பெட்டிகளை இரண்டு தரம் தப்பாக எண்ணியதைப் பார்த்து, கூட வேலை செய்பவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போலீசில் சொன்னால் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயந்தேன். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். என் மகள் கோவையில் நர்சிங் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கொஞ்ச நாள் காலேஜுக்குப் போகாதே என்று சொன்னேன். காரணம் சொல்லாததால், பரீட்சை இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு என் மகள் இறங்கினாள். முன்பக்கமிருந்து சுதர்சன் இறங்கினார். "பஸ் ஸ்டாண்டுல பாத்தாருப்பா. உங்க கூட டெல்லியில வேலை பாத்தாராம், வா கண்ணு ஊட்ல உடறேன்னாரு" என்று என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். "பாப்பா தினமும் தனியாத்தான் வருது போல. டேனியல் சொல்றதை சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க" என்று என் மனைவி முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். நான் அவரை வாசல் வரை போய் வழியனுப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கார் போன பிறகு என் மனைவி கதவைத் தாழ் போட்டுவிட்டு, "யாருங்க அது?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குப் போனால் என்னை உள்ளே வைத்துவிடுவார்கள் என்றேன். அதற்கு அவள், "ஏனுங்க, இன்னைக்குக் காருல ஏத்தி ஊட்டுக்குக் கொண்டாந்தவன் நாளைக்கும் ஊட்டுக்கே கொண்டாருவானா? எந்திரிங்க" என்றாள். மூன்று பேரும் ஆட்டோவில் காவல் நிலையம் போனோம். முதலில் என் மனைவிதான் பேசினாள். ஆய்வாளர் முழுவதும் கேட்டுவிட்டு மேலதிகாரிகளுக்குப் போன் செய்தார். அதன் பிறகு, டேனியலிடமிருந்து விவரம் வந்துவிட்டது, நாளைக் காலை பேக்கரிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சுதர்சனிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சுதர்சன் முதலில் கம்பெனியில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். டேனியலுக்கு நான் போன் செய்யவில்லை, செய்யக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை அதே பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். என் மகள் காவல் நிலையத்தில் பெண் காவலருடன் இருந்தாள். பக்கத்து மேஜையில் சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுதர்சன் வந்து எதிரே உட்கார்ந்து "சொல்லுங்க" என்றார். ராணுவ விவரத்தை அவர் வாயாலேயே கேட்கவைத்த பிறகுதான் நான் சைகை காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பக்கத்து மேஜையைப் பார்த்தார். அதன் பிறகு மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தி, "பாப்பா எங்க இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் தெரியவில்லை. நான் என் மகள் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். காவலர்கள் எழுந்து அவரைப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இன்று கோர்ட்டில் எனக்குக் காட்டப்பட்ட நபர் அவர்தான்.

டேனியல் பெயரையும் என் பெயரையும் அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருடன் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. காரை ஓட்டிவந்த ஆள் வேறொருவர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் இன்னும் பிடிபடவில்லை.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டியபோது, என் மகளின் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று நீதித்துறை நடுவர் அவர்களிடம் கேட்டேன். அது இருந்தாக வேண்டும் என்று சொன்னார்கள். வெளியே வராந்தாவில் நின்ற மகளிடம் கேட்டு வர அனுமதி வாங்கிப் போனேன். "இருக்கட்டும்பா. பேரை எடுத்துட்டா மட்டும் அவங்களுக்கு நம்ம ஊடு தெரியாமப் போயிருமா?" என்றாள்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் என் வாயால் நான் சொன்னது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், உண்மை, சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வெ. பிரபாகர்