கீறலில் நின்ற வரி

அக்கா: இதுவும் பிடிக்கலையா? சட்டை எடுக்கப் போனாக்கூட நீ இவ்வளவு நொட்டை சொல்ல மாட்டியேடா. சிடியில இருக்கிற பாட்டைக் கம்ப்யூட்டருக்கு மாத்தறதுக்கு எத்தனை சாஃப்ட்வேர்தான் பார்ப்பே?

தம்பி: முதல்ல போட்டது சாஃப்ட்வேரே இல்லைக்கா. புளுகுமூட்டை.

அக்கா: பாவம், அது என்ன பண்ணுச்சு? ஒரு காபி ஆறறதுக்குள்ள மொத்த சிடியையும் முழுங்கி ஃபைலாத் துப்பிடுச்சே.

தம்பி: கீறல் இருந்த இடத்துல தானா எதையோ இட்டு நிரப்பிடுச்சு. கேட்டா, எல்லாம் சரின்னு பச்சை டிக் காட்டுது.

அக்கா: சரி... ரெண்டாவது?

தம்பி: அது பாட்டோட நீளத்தை வெச்சு, என்ன சிடின்னு நெட்ல தேடும். நீ பாடினதுக்கு என்ன பேரு போட்டுச்சு தெரியுமா? ‘குழந்தைகளைத் தூங்க வைக்கும் மழைச் சத்தம்.’

அக்கா: உங்க மாமா கேட்டா, சரியாத்தானே போட்டிருக்குன்னு...

தம்பி: சிரிக்காதே, இருமல் வருது பார். வெந்நீரைக் குடி.

அக்கா: தொண்டை கட்டியிருக்கு. அவ்வளவுதான்.

தம்பி: மூணு மாசமாவா?

அக்கா: ...நீ உன் வேலையைப் பாரு. இப்ப ஓடறது எது?

தம்பி: இதுதான் நம்ம ஆளு. டிரைவ்கிட்ட காதை வெச்சுக் கேளேன்.

அக்கா: என்னமோ சுரண்டற மாதிரி...

தம்பி: கீறலுக்கு வந்துடுச்சு. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். ரெண்டு தடவை ஒரே மாதிரி வந்தாத்தான் நம்பும்.

அக்கா: அப்பா வீட்டைப் பூட்டிட்டு, இழுத்து இழுத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

தம்பி: அதேதான். படிக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடும். கையிலேர்ந்து எதையும் சேர்க்காது.

அக்கா: நல்ல பிள்ளைதான்... ஆனா ஒரு சிடிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? பெட்டி நிறைய கிடக்கு.

தம்பி: மத்தது கடையில கிடைக்கும். இதுக்கு வேற பிரதி இருக்கா?

அக்கா: ஏது? ரெக்கார்டிங் பண்ணவர் ஒண்ணே ஒண்ணுதான் போட்டுக் கொடுத்தார்.

தம்பி: ரெண்டாவது பாட்டுல, உச்சத்துல போய் அப்படியே நிக்கிறியே, மூச்சே விடாம... கேட்டுட்டு ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டேன். என்னைத் தினமும் திட்டற அதே தொண்டையா இது?

அக்கா: போடா... ஆமா, மேஜைமேல இந்த மைக் எதுக்கு?

தம்பி: ஆபீஸ் மீட்டிங்குக்கு.

அக்கா: ...சத்தம் நின்னுடுச்சே. என்ன சொல்லுது?

தம்பி: எல்லாம் வந்துடுச்சு. கடைசிப் பாட்டுல, கடைசி வரி மட்டும்... படிக்க முடியலையாம்.

அக்கா: அந்தப் புளுகுமூட்டை போட்டதையே ஒட்டிடேன். யாருக்குத் தெரியப் போகுது?

தம்பி: உனக்குத் தெரியும்.

அக்கா: ...உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். திங்கக்கிழமை எனக்குத் தொண்டையில ஆபரேஷன். பேச்சுக்கு ஒண்ணும் ஆகாதுன்னார் டாக்டர். பாட முடியுமான்னு கேட்டேன்... கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுட்டார். அதான், என் குரல் எங்கயாவது பத்திரமா இருக்கட்டுமேன்னு...

தம்பி: தெரியும்க்கா. மாமா போன வாரமே சொல்லிட்டார். எனக்கு மீட்டிங்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. மைக் உனக்குத்தான் வாங்கினேன். கரகரன்னு வந்தாலும் வரட்டும்... அந்த ஒரு வரியை இப்பப் பாடு.