அந்த அச்சில் இருப்பது நான்தான்

என் பெயர் டார்கஸ் யார்ட்லி. வயது நாற்பத்தொன்று. பொத்தான் பட்டறைத் தொழிலாளி ஜோசயா யார்ட்லியின் மனைவி. பர்மிங்ஹாம், ஸ்நோ ஹில்லில் குடியிருக்கிறேன். வேதத்தை வைத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தவள். 1790 ஏப்ரல் 9 அன்று, நீதிபதி அவர்கள் முன் வேதத்தைத் தொட்டுச் சொல்வது:

என் கணவர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி கார்லண்ட், கடல் கடந்த வியாபாரக் கம்பெனி ஒன்றுக்குச் செம்புக் காசு அடிக்க நீராவி இயந்திரம் பூட்டுகிறார். அதற்கு அச்சு வெட்டுவதற்காகச் சென்ற செப்டம்பரில் லூசியன் பெரோஷே என்பவரை ஜெனீவாவிலிருந்து வரவழைத்து எங்கள் வீட்டில் தங்க வைத்தார். காசின் ஒரு பக்கத்தில் செழிப்பைக் காட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். என்னைப் பார்த்து வரையலாமா என்று பெரோஷே கேட்டார். அது வீண்பெருமை என்று மறுத்து இரண்டு நாள் ஜெபித்தேன். அதன்பின், ஜெபக்கூட்டத்தார் காதுக்கு எட்டாதபடி யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கக் கூச்சப்பட்டு மாவு உருட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் சிரித்தார். பெரோஷே, "அது கையிலயே இருக்கட்டும்மா. செங்கோல் பிடிச்ச பொம்பளைங்க எல்லாக் காசுலயும் இருக்காங்க" என்றார்.

அதன்பின் எஃகில் வெட்ட வெட்ட, என் ரொட்டி மாவில் ஒரு உருண்டை வாங்கி அச்சை அழுத்திப் பார்ப்பார்; பார்த்ததும் மாவைப் பிசைந்துவிடச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். என் மாவுக் கணக்கில் பிப்ரவரி 3 முதல் ஏப்ரல் 5 வரை ஆறு தடவை எழுதியிருக்கிறது. ஏழாவது தடவை நேற்று முன்தினம். ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் பிசையாமல், மாவை எறியவும் மனமில்லாமல், மற்ற பன்களோடு தட்டில் வைத்துப் பொது அடுப்புக்கு அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது.

ராஜாவின் செம்புக் காசிலும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தன் வீட்டு அப்பத்துக்காக அங்கே நின்ற கான்ஸ்டபிள் டைட்டஸ் ஹாட்லி அந்தப் பன்னைப் பார்த்து, "ராஜா காசுல உக்காந்திருக்கிற அம்மா இதுல எப்படி வந்தா?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். அச்சையும் பெரோஷேவையும் கொண்டுபோய்விட்டார். கள்ளக்காசு என்று முடிவானால் தூக்குமரம்தான் என்றார். ஒப்பந்தத்தைக் காட்டக்கூடிய முதலாளி செம்பு வாங்கக் கார்ன்வால் போயிருக்கிறார். திரும்ப எட்டு நாளாகும். அச்சில் இருப்பது யார் என்று எத்தனை தடவை கேட்டும் பெரோஷே வாய் திறக்கவில்லை என்று இன்று காலை கேள்விப்பட்டேன். எனக்குச் செய்த சத்தியத்துக்காகவே அவர் பேசவில்லை என்பதால், அது ராஜா காசின் பெண் அல்ல, நான்தான் என்று சொல்ல நானே வந்தேன்.

அதன்பின் நீதிபதி அவர்கள் என் இடது கைச் சுண்டுவிரல் சிறு வயதில் கதவில் நசுங்கி வளைந்திருப்பதைப் பார்த்து, அச்சையும் பார்க்கச் சொன்னார்கள். ஹாட்லி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இதுல வளைஞ்சது வலது கை, ஐயா. இந்தம்மா இல்ல" என்றார். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் வெட்டப்படும் என்று சொல்லி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மாவை மேஜையில் வைத்தேன். ஹாட்லியே தன் கையால் அச்சை அழுத்தி எடுத்தார். மாவில் இடது கை, வளைந்த சுண்டுவிரல், அந்தக் கையில் கட்டை. எழுத்தர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் பெரோஷேவை விலங்கு கழற்றிக் கூட்டிவந்தார்கள். அவர் திறந்திருந்த வாசலைப் பார்க்கவில்லை. குனிந்து மாவைப் பார்த்தார்.

"தாடை கொஞ்சம் தடிப்பா விழுந்திருக்கு. அரை மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"என் தாடையே அப்படித்தான். வாங்க, சாப்பாடு ஆறுது" என்றேன்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. தாடை உட்பட எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்) டார்கஸ் யார்ட்லி