மல்லாட்டை மூட்டை எடுத்த வீடியோ

செஞ்சி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, ஒருத்தனும் உள்ளே நகர மாட்டான். நான் எரிச்சலோடு நின்றபோது, பக்கத்து சீட்டில் ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“கேமராவ மல்லாட்ட மூட்ட மேல குந்த வெச்சேன்டி.”

வேர்க்கடலை மூட்டையைத்தான் சொன்னாள்.

“இன்னாத்துக்கு?”

“சிலம்பம் செலக்‌ஷனுக்கு வீடியோ கேட்டாங்க இல்ல? மொதல்ல தம்பி புடிச்சான். கை நடுங்குது. நான் கம்பு சுத்தினா அவன் ஜூம் பண்றான். என் மூக்குதான் தெரியுது, கம்பக் காணோம். மாஸ்டர் திருப்பி அனுப்பிட்டாரு.”

“அப்புறம்?”

“இனிமே புடிக்க மாட்டேன்னுட்டான். மூட்டைய களத்துல போட்டு, மேல குழி பண்ணி கேமராவ அமுக்கினேன். ஆடவே இல்ல. ஜூமத் தொடல. தலைக்கு மேல கம்பு போறதும் தெரியணும்னு தூரமா நின்னேன். கார்டுல எடம் பத்தல, அவன் பைக் வீடியோவெல்லாம் அழிச்சிட்டேன். ஒரே மூச்சுல சுத்தினேன்.”

“கெடச்சிதா?”

“மாநில டீம்ல எடுத்துட்டாங்கடி!”

தோழி கத்திய கத்தலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“தம்பி இன்னா சொல்றான்?”

“அடுத்த தடவ நானே புடிக்கிறேன்றான். நீ என் பையத் தூக்கிக்கினு பின்னாடி வா, போதும்னுட்டேன்.”