செல்லம் வீட்டுக் கல்யாணத்தில் ஆலோசனை சொன்னது யார்

என் பெயர் கருப்பாயி. தகப்பனார் பெயர் முனியாண்டி. வயது எழுபத்தாறு. ஜொகூர் பாரு, தம்போய், ஜாலான் தஞ்சோங், பதினான்காம் எண் வீட்டில் பேத்தி லோஷினியுடன் குடியிருக்கிறேன். சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போனேன். என் பேத்தி பரம்பரை நோய் ஆலோசகர். பெற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிள்ளைகளுக்கு என்ன நோய் இறங்கும் என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்கும் உத்தியோகம். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகம் போனவள் அவள் ஒருத்திதான். அதையும் எழுதச் சொன்னேன், விசாரணை அதிகாரி திருமதி ஷாமளா எழுதிக்கொண்டார்.

லோஷினிக்கு இரட்டைப் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் அந்த உத்தியோகத்துக்கான லைசென்ஸைப் புதுப்பிக்கும் தேதி தவறிப்போனது. அதன் பிறகு, விட்டுப்போன பயிற்சிகளை முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னார்கள். ஒரு பிள்ளையைத் தோளிலும் மற்றதைக் காலிலும் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் வகுப்பு கேட்டாள். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடித்து அவள் மனுப் போட்டிருந்த சமயத்தில், தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுச் செல்லமும் அவள் அண்ணன் ஹேமநாதனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செல்லத்தின் மகளை ஹேமநாதனின் மகனுக்குக் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்குத் தலசீமியா என்ற ரத்தக்குறை லேசாக இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சோதித்தபோதே சொல்லியிருந்ததால், கல்யாணம் செய்யலாமா என்று லோஷினியிடம் கேட்டார்கள்.

அதற்கு அவள், "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி, எனக்கு இப்ப லைசென்ஸ் இல்ல. நான் சொல்லக்கூடாது. கிளினிக்ல சுபத்திரானு ஒருத்தங்க இருக்காங்க, அவங்கள போய்ப் பாருங்க" என்றாள்.

"அலமாக்! கார் லைசென்ஸ் முடிஞ்சா ஓட்டுறது மறந்துடுமாம்மா?" என்று ஹேமநாதன் சிரித்தார்.

"மறக்காது அங்கிள். ஆனா ரோட்ல எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பிள்ளைகளுக்குப் பால் கலக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு நான்தான் ஹேமநாதனிடம், "பையனுக்கும் ரத்தம் பாருங்கப்பா. பாக்காம கல்யாணத்த வைக்காதீங்க" என்று சொன்னேன். லோஷினி ஏதாவது சைகை காட்டினாளா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம், நானும் தாய்மாமன் மகனைக் கட்டியவள். எங்கள் மூத்த பையன் சுப்பையா வாழைத்தண்டு மாதிரி வெளுத்து, வயிறு வீங்கி, பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே போய்விட்டான். பேய்க்காற்றுப் பட்டுவிட்டது என்று தோட்டத்தில் சொன்னார்கள்.

அதன் பிறகு பையனுக்கு ரத்தம் பார்த்ததில் அவனுக்கும் அதே குறை இருப்பது தெரிந்து, இருவருக்கும் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு அது பெரிய நோயாக இறங்கலாம் என்று சுபத்திரா விளக்கியதைக் கேட்டுவிட்டு, செல்லத்தின் மகளே கல்யாணம் வேண்டாம் என்றாள். லைசென்ஸ் இல்லாதவள் ஆலோசனை சொல்லிக் கெடுத்தாள் என்று லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் ஹேமநாதன் புகார் கொடுத்திருக்கிறார். அதனால் என் பேத்தியின் மனுவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சொன்னவள் நான். என்னிடம் பறிக்க லைசென்ஸ் கிடையாது. பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. அன்று அவர்கள் போன பிறகு நான் லோஷினியிடம், "ஏம்மா, நம்ம சுப்பையாவுக்கும் இதேதானா?" என்று கேட்டேன். அவள் பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைசென்ஸ் வரட்டும் பாட்டி. வந்ததும் மொத ஆளா உங்களுக்குத்தான் சொல்வேன்" என்றாள்.

இன்றுவரை சொல்லவில்லை. சுப்பையாவைப் பெற்ற எனக்கே சொல்லாதவள் ஹேமநாதனுக்கா சொல்லியிருப்பாள்? அவளுக்கு லைசென்ஸ் வருவதற்காக நானும் காத்திருக்கிறேன்.

இவ்வளவையும் அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. மை டப்பாவை நீட்டினார். எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லி, பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பம்,
மு. கருப்பாயி