அய்யனுக்கு அழுத வியாதி

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ். எடப்பாடியிலிருந்து சேலத்துக்குக் கிளம்பாமல் நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

“எங்கய்யன் செத்ததுக்கு நெஞ்சிலடிச்சு அழுதேன். அது வியாதிங்களா?”

“நானா சொன்னேன்? டாக்டருதான் ‘ஹிஸ்டீரிக்கல்’னு சொல்லிப்போட்டாரு.”

“அப்படின்னா என்னங்க?”

“அடக்கமாட்டாம அழுகறதாம். சேலம் பெரியாஸ்பத்திரியில காட்டோணுமாம்.”

“அழுகாட்டி, பெத்த மவ கல்லாட்ட நிக்கறாள்னு உங்கக்காவே பேசுவாங்க! அந்த டாக்டரு, காரு சேத்துல சிக்குனதுக்கு ஊரே கேக்க டிரைவர்கிட்டக் கத்துனாரே, அதுக்கு என்ன இங்கிலீசுங்க?”

“அது கோவம், புள்ள.”

“அவரு அடக்கிக்கிட்டுங்களா கத்துனாரு?”

கணவர் பதில் சொல்வதற்குள் பஸ்ஸின் பின்னாலிருந்த கரியடுப்பு டமாரென்று புகையைக் கக்கியது. “ஐயோ, செத்தோம்!” என்று அலறி, பக்கத்தில் இருந்தவரின் தலைப்பாகையைப் பற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை விட்ட நடுவயதுத் தடியன் நான்தான். வேறு யாரும் அசையவில்லை, தினமும் நடப்பதாம்.

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்.

“ஏனுங்க, பெரியாஸ்பத்திரிக்கு இவுங்களை அனுப்பிப்போட்டு நாம ஊட்டுக்குப் போலாமுங்களா?”

கணவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்தார்.

“பையை எடு, புள்ள.”