கல்லாற்றில் அளந்தது

கல்லாற்றிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவனிடம் சொன்னாள்:

"பாத்ரூம் கதவை ரெண்டு தடவை அளந்தாச்சு. நம்ம பிள்ளைக்க வீல்சேர் உள்ள போவும்."

அவர் மடியில் அளவு நாடா கிடந்தது.

"சேர் போவும். சக்கரத்தத் தள்ளுத அவ கை போவுமா?"

"நான் தள்ளுதேன்."

"சம்மதிப்பாளா? எனக்குக் கை இல்லியான்னு கேப்பா."

"கதவைக் கழட்டித் தாரோம்னு லாட்ஜ் மேனேஜர் சொன்னாரு அல்லே? ஒரு கர்ட்டன் போட்டா போதும்."

"வாசல்ல படி?"

"ஒண்ணுதான். நம்ம பலகைய எடுத்துட்டு வருவோம்."

"கட்டிலு?"

"வீட்டுக் கட்டில விட ஒரு இஞ்ச் கூடுதல். ஏறிக்கிடுவா."

அவள் கைபேசி அடித்தது. சற்று நேரம் கேட்டுவிட்டு, அதைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"ரூமுக்குப் பின்னால ஆறு இருக்குல்லா, அதுல தண்ணி கிடக்கான்னு கேக்கா."

அவர் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

"ஆறா? காலையிலேந்து அங்கதான நின்னோம். நாம ஆத்தப் பாக்கவே இல்லியே."

அவள் கையை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"அத நீ வந்து பாத்து எங்களுக்குச் சொல்லு, மோளே."